தேசத்தின் வர்த்தகக் கணக்கும் நாணய மாற்று விகிதமும்
குடியானவர் அறிய வேண்டிய சில விஷயங்கள்

மழை, விதை, எரு, நீர்ப்பாசனம் ஆகிய இவற்றைப்பற்றி விசாரிக்காத குடியானவர் நமது நாட்டில் இல்லை. ஆனால் விளைந்த பொருளின் விலையை நிர்ணயிக்கும் காரணங்களுள் பல, அவருடைய கிராமத்துக்கும் ஜில்லாவுக்கும் அப்பால், கடல் கடந்த தேசங்களில் உண்டாகின்றன என்பதைச் சிலரே சிந்திக்கின்றனர். மாதந்தோறும் பத்திரிகைகளில், "வர்த்தகத்தில் துண்டு விழுந்தது" என்றும், "ரூபாயின் மதிப்பு இறங்கியது" என்றும் செய்திகள் வெளிவருகின்றன. இவற்றைப் படித்தவுடன் ஒரு சாரார் நாட்டுக்குப் பெருங்கேடு வந்துவிட்டதென்று அஞ்சுகிறார்கள். மற்றொரு சாரார் விளைபொருளின் விலை உயரப்போகிறதென்று எண்ணி, விற்க வேண்டிய சரக்கைக் களஞ்சியத்தில் நிறுத்திவைக்கிறார்கள். இவ்விரண்டும் பெரும்பாலும் தவறான முடிவுகளே. புள்ளிகளைச் சரியாகப் படிக்கத் தெரியாததனால் கைப்பொருள் நஷ்டமாகும் சந்தர்ப்பங்கள் உண்டாகையால், இவ்விஷயத்தைச் சற்று விரிவாக எடுத்துரைப்பது அவசியமாகிறது.

வர்த்தகக் கணக்கு என்பது யாது?

ஒரு குடும்பத்தார் ஒரு வருஷத்தில் வெளியாருக்கு விற்ற நெல், பருத்தி, பால் முதலியவற்றின் கிரயத்தை ஒரு பக்கத்திலும், வெளியாரிடமிருந்து வாங்கிய துணி, உப்பு, எண்ணெய், எரு முதலியவற்றின் கிரயத்தை மற்றொரு பக்கத்திலும் எழுதிப் பார்ப்பார்களானால், அதுவே அக்குடும்பத்தின் சரக்கு வர்த்தகக் கணக்காகும். ஒரு தேசத்தின் கணக்கும் இத்தன்மையதே. ஏற்றுமதியின் மதிப்பு மிகுந்திருந்தால் மிச்சம் என்றும், இறக்குமதியின் மதிப்பு மிகுந்திருந்தால் துண்டு என்றும் சொல்லுகிறோம்.

இந்தியாவின் கணக்கில் நெடுங்காலமாகத் துண்டே விழுந்து வருகிறது. 2022-23ஆம் ஆண்டில் ஏற்றுமதி சுமார் 45,100 கோடி டாலர், இறக்குமதி சுமார் 71,600 கோடி டாலர். துண்டு சுமார் 26,500 கோடி டாலர். 2023-24ஆம் ஆண்டில் ஏற்றுமதி சுமார் 43,700 கோடி டாலராகவும், இறக்குமதி சுமார் 67,800 கோடி டாலராகவும் குறைந்து, துண்டு ஏறத்தாழ 24,000 கோடி டாலராயிற்று. துண்டு குறைந்தது என்ற ஒன்றை மாத்திரம் கேட்டவர் நாடு முன்னேறியதென்று மகிழ்ந்திருப்பார். ஆனால் ஏற்றுமதியும் அவ்வாண்டில் குறைந்தே இருந்தது என்பதை மேற்கண்ட புள்ளிகள் காட்டுகின்றன. நாம் வாங்கும் பொருள்களில் முதன்மையானது கச்சா எண்ணெய். அதன் விலை உலகச் சந்தையில் இறங்கியது துண்டு சுருங்கியதற்கு ஒரு முக்கிய காரணமாகும். ஆகையால் துண்டின் தொகையை மாத்திரம் பார்த்து நன்மை தீமைகளைத் தீர்மானித்தல் கூடாது. அது எந்தப் பக்கத்திலிருந்து உண்டாயிற்று என்று விசாரிக்க வேண்டும்.

கணக்கு தயாராகும் விதம்

ஒவ்வொரு துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் சுங்க அதிகாரிகளிடம் வியாபாரிகள் கொடுக்கும் சீட்டுகளே இக்கணக்குக்கு மூலாதாரம். இச்சீட்டுகளைக் கொல்கத்தாவிலுள்ள வணிகத் தகவல் மற்றும் புள்ளிவிவரத் தலைமை இயக்ககத்தார் தொகுக்கின்றனர். மத்திய வர்த்தக அமைச்சகத்தார் ஒவ்வொரு மாதத்தின் நடுப்பகுதியில், சாதாரணமாய் 15ஆம் தேதியை ஒட்டி, முந்திய மாதத்தின் கணக்கை வெளியிடுகின்றனர்.

இதில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. ஏற்றுமதிச் சரக்கு நமது துறைமுகத்தில் கப்பலேறும்பொழுதுள்ள விலைக்கு எழுதப்படுகிறது. கப்பற் கூலியும் இன்ஷுரன்ஸும் அதிற் சேர்வதில்லை. இறக்குமதிச் சரக்கோ அவ்விரண்டு செலவுகளும் சேர்ந்த விலைக்கு எழுதப்படுகிறது. எனவே ஒரே தன்மையான இரண்டு சரக்குகளில் உள்ளே வருவது சற்று அதிகமாகவும், வெளியே போவது சற்றுக் குறைவாகவும் காணப்படும். வண்டிச் சத்தத்தைச் சேர்க்காமல் விற்பனையையும், சேர்த்துக் கொள்முதலையும் எழுதும் மண்டிக் கணக்கோடு இதை ஒப்பிடலாம்.

முதலில் வெளியிடப்படும் புள்ளிகள் தாற்காலிகமானவை, பின்னர் திருத்தப்படுகின்றன. 2024 நவம்பர் மாதக் கணக்கு இதற்குத் தக்க சான்று. அம்மாதத்தில் தங்கம் சுமார் 1,480 கோடி டாலர் மதிப்புக்கு இறக்குமதியாயிற்றென்றும், அதனால் துண்டு முன் எக்காலத்தும் இல்லாத அளவுக்குப் பெருகிற்றென்றும் முதலில் அறிவிக்கப்பட்டது. சில வாரங்களுக்குப் பின் கணக்கைச் சரிபார்த்தபொழுது, தங்கத்தின் தொகை சுமார் 984 கோடி டாலரே என்று திருத்தப்பட்டது. ஏறத்தாழ 500 கோடி டாலர் வித்தியாசம்! முதற் செய்தியைக் கண்டு அவசரப்பட்டவர்களுக்கு இத்திருத்தம் உதவியிராது. ஒரு மாதத்துப் புள்ளியைக் கண்டவுடனே முடிவு செய்யாமல், மூன்று நான்கு மாதங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை.

துண்டு எவ்வாறு நிரப்பப்படுகிறது?

"வருஷந்தோறும் இவ்வளவு துண்டு விழுந்தால் தேசம் திவாலாகாதா?" என்று வாசகர் வினவலாம். சரக்குக் கணக்கு, தேசத்தின் முழு வரவு செலவுக் கணக்கன்று. நிலத்தில் வரும் வரும்படி போதாத ஒரு குடும்பத்தில், ஒரு பிள்ளை பட்டணத்தில் உத்தியோகம் பார்த்து மணியார்டர் அனுப்பினால் குறை நிரம்பிவிடுகிறதல்லவா? அவ்வாறே கணினித் தொழில் முதலிய சேவைகளை நாம் பிற தேசத்தாருக்குச் செய்து பெறும் பணமும், வளைகுடா நாடுகளிலும் அமெரிக்காவிலும் பிற இடங்களிலும் வேலை செய்யும் நம்மவர் வீட்டுக்கு அனுப்பும் பணமும் சரக்குத் துண்டின் பெரும்பகுதியை நிரப்புகின்றன. 2023-24ஆம் ஆண்டில் சேவைகளில் நமக்கு ஏற்பட்ட மிச்சம் சுமார் 16,300 கோடி டாலர். வெளிநாடுகளில் உள்ளோர் அனுப்பிய பணம் சுமார் 11,900 கோடி டாலர். அந்நிய முதலாளிகளுக்குப் போகும் லாபம், வட்டி முதலியவற்றைக் கழித்த பின், அவ்வாண்டின் நடப்புக் கணக்கில் நின்ற துண்டு தேசத்தின் மொத்த உற்பத்தியில் சுமார் 0.7 சதவீதமே. இந்தப் பரந்த கணக்கை ரிசர்வ் வங்கி மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வெளியிடுகிறது. மாதக் கணக்கோடு இதையும் சேர்த்துப் படிப்பவரே தேசத்தின் உண்மை நிலையை அறிவார்.

நாணய மாற்று விகிதம்

அந்நியர் நமது சரக்குக்குத் தம் நாணயத்தில் விலை கொடுக்கின்றனர். குடியானவருக்கோ ரூபாய் வேண்டும். ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய் என்பதே மாற்று விகிதம். நெல் அதிகமாக வந்த சந்தையில் நெல் விலை இறங்குவதுபோல, டாலருக்குக் கிராக்கி மிகுந்தால் டாலரின் விலை ஏறுகிறது. அதாவது ரூபாயின் மதிப்பு இறங்குகிறது. எண் பெரிதானால் ரூபாய் இளைத்தது என்று பொருள். இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வோர் பலர்.

2022 மார்ச்சு முடிவில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 76 ரூபாயாகவும், 2023 மார்ச்சு முடிவில் சுமார் 82 ரூபாயாகவும், 2025 மார்ச்சு முடிவில் சுமார் 85½ ரூபாயாகவும் விகிதம் இருந்தது. 76 என்பது 82 ஆனபொழுது டாலரின் விலை சுமார் 7.9 சதவீதம் ஏறிற்று. ரூபாயின் மதிப்போ சுமார் 7.3 சதவீதம் இறங்கிற்று. இரண்டும் ஒரே மாறுதலைக் குறித்தாலும், சதவீதம் வேறுபடுவதைக் கவனிக்க வேண்டும்.

சரக்குத் துண்டு ஒன்றே விகிதத்தை ஆட்டிவைப்பதில்லை. 2022ஆம் ஆண்டில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை விரைவாக உயர்த்தியபொழுது, பல தேசங்களில் முதலீடாக இருந்த பணம் அமெரிக்காவை நோக்கிச் சென்றது. கச்சா எண்ணெயின் விலையும் அவ்வாண்டில் உயர்ந்திருந்தது. ரூபாய் திடீரென்று சரியாதபடி ரிசர்வ் வங்கி தன் கையிருப்பிலிருந்து டாலர்களை விற்றது. 2021 செப்டம்பரில் சுமார் 64,200 கோடி டாலராக இருந்த கையிருப்பு, 2022 அக்டோபரில் சுமார் 52,500 கோடி டாலராகக் குறைந்தது. டாலரல்லாத பிற நாணயங்களாகவும் கையிருப்பு இருப்பதால், அவற்றின் மதிப்பு இறங்கியதும் இக்குறைவில் ஒரு பங்கு.

பழைய அனுபவங்கள்

நாணய விகிதம் குடியானவரின் வாழ்வைத் தொடும் என்பது புதிய செய்தியன்று. 1926ஆம் ஆண்டில் ஹில்டன் யங் கமிஷனார், ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்ற விகிதத்தைச் சிபார்சு செய்தனர். கமிஷனில் அங்கத்தினராயிருந்த ஸர் புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸ், 1 ஷில்லிங் 4 பென்ஸே தக்கதென்று மாறுபட்டு எழுதினார். 1927ஆம் ஆண்டில் 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்பதே சட்டமாயிற்று. இரண்டு பென்ஸ் வித்தியாசத்துக்கு இத்தனை வாதம் எதற்கு என்று தோன்றலாம். முந்திய விகிதத்தில் ஒரு பவுனுக்கு 15 ரூபாய் கிடைக்கும். பிந்தியதில் 13 ரூபாய் 5 அணா 4 பையே கிடைக்கும். அக்காலத்தில் தென்னாற்காட்டு நிலக்கடலை புதுச்சேரி வழியாகப் பிரான்ஸு தேசத்து மார்சேல்ஸ் பட்டணத்துக்குக் கப்பலேறிற்று. அந்நியச் சந்தையில் ஒரு சரக்கு 15 பவுனுக்கு விலைபோயிற்றென்று உதாரணமாக வைத்துக்கொண்டால், ஒரு விகிதத்தில் 225 ரூபாய், மற்றொன்றில் 200 ரூபாய். வரவில் ஒன்பதில் ஒரு பங்கு குறைகிறது. கிஸ்தியும் கடனும் ரூபாயில் நின்றபடியே நின்றன. எல்லா விலைகளும் ஒருங்கே இறங்கினால் கேடில்லை. கிஸ்தியும் கடனும் இறங்காததே குடியானவருக்கு நேர்ந்த கேடு. 1929ஆம் ஆண்டுக்குப் பின் உலகெங்கும் விலைவீழ்ச்சி ஏற்பட்டபொழுது இச்சுமை பின்னும் கடுமையாக உணரப்பட்டது.

1949 செப்டம்பரில் இங்கிலாந்து பவுனின் மதிப்பைக் குறைத்தது. இந்தியாவும் உடன் குறைத்தது. ஒரு டாலருக்கு 3.31 ரூபாயாக இருந்தது 4.76 ரூபாயாயிற்று. பாகிஸ்தான் குறைக்க மறுத்தது. அதனால் அத்தேசத்தின் 100 ரூபாய்க்கு நமது 144 ரூபாய் கொடுக்க வேண்டியதாயிற்று. சணல் ஆலைகள் கொல்கத்தாவை ஒட்டி நமது எல்லைக்குள் இருந்தன. சிறந்த சணல் விளையும் நிலங்களோ பெரும்பாலும் கிழக்கு வங்காளத்தில் இருந்தன. விலை ஒவ்வாமையால் இரு தேசங்களுக்குமிடையே வர்த்தகம் தடைப்பட்டது. 1951 பிப்ரவரியில்தான் இந்தியா அவ்விகிதத்தை ஒப்புக்கொண்டது. இதனிடையே மேற்கு வங்காளம், அஸ்ஸாம், பீகார், ஒரிஸ்ஸா ஆகிய இடங்களில் சணல் சாகுபடியைப் பெருக்க முயற்சிகள் நடந்தன. நாணய விகிதத்தில் ஏற்பட்ட ஒரு மாறுதல், எந்த நிலத்தில் எதைப் பயிரிடுவது என்பதையே மாற்றியதை இங்கே காண்கிறோம்.

1966 ஜூன் 6ஆம் தேதி டாலரின் விலை 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நமது சரக்கு அந்நியருக்கு மலிவாகும், ஏற்றுமதி பெருகும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் 1965-66, 1966-67 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மழை பொய்த்து விளைச்சல் குன்றியது. சணற் சரக்கு, தேயிலை முதலியவற்றுக்கு ஏற்றுமதித் தீர்வையும் விதிக்கப்பட்டது. விற்க மிகுதியான சரக்கு இல்லாதவிடத்து மலிவு விலையால் பயன் யாது? எதிர்பார்த்த பெருக்கம் உடனே கைகூடவில்லை.

1991ஆம் ஆண்டில் அந்நிய நாணயக் கையிருப்பு இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே போதுமானதாகக் குறைந்தது. ஏறத்தாழ 47 டன் தங்கம் வெளிநாட்டு வங்கிகளில் அடகு வைக்கப்பட்டது. ஜூலை 1, 3 ஆகிய தேதிகளில் ரூபாயின் மதிப்பு இருமுறை குறைக்கப்பட்டது. 1993 மார்ச்சு முதல் விகிதம் சந்தையாலேயே நிர்ணயிக்கப்பட்டு வருகிறது. இதன் எதிரொலி வயலிலும் கேட்டது. 1992 ஆகஸ்டில் மணிச்சத்து, சாம்பற்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. யூரியாவுக்குக் கட்டுப்பாடு நீங்கவில்லை. அந்நியச் சரக்கையே பெரிதும் நம்பியிருந்த முன்னிரண்டின் விலையும் விரைந்தேறவே, குடியானவர்கள் அவற்றைக் குறைத்து யூரியாவையே மிகுதியாக இட்டனர். 1991-92ஆம் ஆண்டில் தழை, மணி, சாம்பல் சத்துகள் 5.9, 2.4, 1 என்ற வீதத்தில் இடப்பட்டன. அடுத்த ஆண்டில் அவ்வீதம் 9.5, 3.2, 1 ஆயிற்று. அந்நியச் செலாவணியில் நேர்ந்த முட்டுப்பாடு, நிலத்தின் சத்துச் சமநிலையைக் கெடுத்தது என்று சொன்னால் மிகையாகாது.

விகிதம் விளைபொருளைத் தொடும் வழிகள்

மாற்று விகிதம் எல்லாப் பயிர்களையும் ஒரேவிதமாகத் தொடுவதில்லை. மூன்று வகைகளாகப் பிரித்துக்கொண்டால் எளிதில் விளங்கும்.

முதலாவது, வெளிநாட்டுக்குப் போகும் சரக்கு. மஞ்சள், மிளகாய், காப்பி, தென்னை நார் முதலியவை இதிற் சேரும். ஒரு டன் 400 டாலருக்கு விற்கும் சரக்கு ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். டாலர் 76 ரூபாயாயின் கிரயம் 30,400 ரூபாய். 82 ரூபாயாயின் 32,800 ரூபாய். வித்தியாசம் 2,400 ரூபாய். ஆனால் இத்தொகை முழுவதும் குடியானவரை வந்தடையுமென்று எண்ணுதல் கூடாது. வெளிநாட்டு வியாபாரியும் விகிதத்தை அறிந்தவனாகையால் டாலர் விலையைக் குறைத்துக் கேட்பான். மேலும் நம்மோடு போட்டியிடும் தேசத்தின் நாணயமும் அதே அளவு இறங்கியிருந்தால் நமக்கு விசேஷ அனுகூலமில்லை. மிளகுக்கு வியட்நாமையும், காப்பிக்குப் பிரேஸிலையும், அரிசிக்குத் தாய்லாந்தையும் வியட்நாமையும் நோக்க வேண்டும். இக்காரணம்பற்றியே ரிசர்வ் வங்கி, 40 நாணயங்களோடு ரூபாயை ஒப்பிட்டு, விலைவாசி வித்தியாசத்தையும் கணக்கிட்டு, ஒரு குறியீட்டெண் வெளியிடுகிறது. டாலர் விகிதத்தைவிட இவ்வெண்ணே போட்டியின் நிலையைச் சரியாகக் காட்டும்.

இரண்டாவது, வெளிநாட்டுச் சரக்கோடு போட்டியிடும் விளைபொருள். நிலக்கடலை, எள், சூரியகாந்தி முதலிய எண்ணெய் வித்துகள் இவ்வகையின. நமது தேசத்துக்கு வேண்டும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேற்பட்டது இறக்குமதியாகிறது. வருஷத்துக்கு ஏறக்குறைய 160 லட்சம் டன். ரூபாய் இறங்கினால் பாமாயிலும் சோயா எண்ணெயும் விலையேறி, நாட்டு எண்ணெய்க்கு ஆதரவு உண்டாகும். ஆயினும் சுங்கத் தீர்வை இதைவிட வலிமையுடையது. 2024 செப்டம்பரில் சுத்திகரிக்கப்படாத பாமாயில், சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றின் மீதான மொத்தத் தீர்வை 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக உயர்த்தப்பட்டது. 2025 மே முடிவில் 16.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ரூபாய் விகிதம் ஒரு வருஷத்தில் செய்யும் மாறுதலைவிட அதிகமான மாறுதலைத் தீர்வை உத்தரவு ஒரே நாளில் செய்துவிடுகிறது.

மூன்றாவது, நாம் வாங்கும் இடுபொருள். பொட்டாஷ் முழுவதும் வெளியிலிருந்தே வருகிறது. டி.ஏ.பி.யில் பெரும்பகுதியும், அதை இங்கே செய்வதற்கு வேண்டிய பாறை பாஸ்பேட்டும் அமிலமும் கப்பலில் வருகின்றன. யூரியாவின் விலையைச் சர்க்கார் நிர்ணயிப்பதால் ரூபாய் இறங்கினாலும் மூட்டை விலை உடனே ஏறுவதில்லை. அச்சுமை மானியமாகப் பொக்கிஷத்தின்மேல் விழுகிறது. பொட்டாஷுக்கு மானியம் ஒரு அளவுக்குட்பட்டதாகையால், விலையேற்றத்தின் ஒரு பகுதி குடியானவரிடமே வந்து சேரும். டீசலின் விலையும் இவ்வாறே கச்சா எண்ணெயையும் விகிதத்தையும் சார்ந்தது. எனவே ரூபாயின் இறக்கத்தால் ஏற்றுமதிப் பயிர் வைத்திருப்பவருக்கும் ஒரு கையில் வரவும் மறு கையில் செலவும் உண்டு.

நெல்லைப்பற்றித் தனியே சொல்ல வேண்டும். சர்க்கார் கொள்முதல் நிலையத்தில் நெல் விற்பவருக்கு விலை ரூபாயிலேயே நிர்ணயிக்கப்படுகிறது. 2025-26ஆம் பருவத்துக்குச் சாதாரண நெல்லுக்கு மத்திய சர்க்கார் குறித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். டாலர் ஏறினாலும் இறங்கினாலும் அப்பருவத்தில் இது மாறாது. ஏற்றுமதி வியாபாரம் விகிதத்தைவிட உத்தரவுகளுக்குக் கட்டுப்பட்டதென்பதையும் சமீப காலத்தில் கண்டோம். 2023 ஜூலை 20ஆம் தேதி பாஸ்மதியல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. அடுத்த மாதத்தில் புழுங்கலரிசிக்கு 20 சதவீதத் தீர்வை விதிக்கப்பட்டது. 2024 செப்டம்பர் முடிவில்தான் வெள்ளை அரிசித் தடை நீங்கியது. அக்காலத்தில் டாலர் 82, 83 ரூபாய் என்று உயர்ந்தே இருந்தது; இருந்தும் வெள்ளை அரிசி வியாபாரிக்கு அதனால் பயனில்லாமற் போயிற்று.

புள்ளிகளைப் படிக்கையில் நேரும் பிழைகள்

முதற் பிழை, டாலர்க் கணக்கையும் ரூபாய்க் கணக்கையும் குழப்புவது. மேலே சொன்ன இரண்டு ஆண்டுகளில் நமது ஏற்றுமதி டாலர்க் கணக்கில் சுமார் 3 சதவீதம் குறைந்தது. ரூபாய்க் கணக்கிலோ இரண்டு ஆண்டுகளிலும் ஏறத்தாழ 36.2 லட்சம் கோடியாகவே நின்றது. சரக்கு குறையவில்லை என்று இதனால் ஏமாறக் கூடாது. டாலர் விலையேறியதால் ரூபாய்த் தொகை நிரம்பிக் காட்டுகிறது.

இரண்டாம் பிழை, மதிப்பை அளவாக எண்ணுவது. எண்ணெய் இறக்குமதி நூறு கோடி டாலர் குறைந்தது என்றால், குறைவாக வாங்கினோமா, மலிவாக வாங்கினோமா என்று கேட்க வேண்டும். டன் கணக்கையும் சேர்த்துப் பார்த்தாலன்றி இது விளங்காது. நிலக்கடலைக்குப் போட்டியாவது வந்திறங்கிய எண்ணெயின் டன் அளவேயன்றி அதன் டாலர் மதிப்பன்று.

மூன்றாம் பிழை, ஒரு மாதத்தை அதற்கு முந்திய மாதத்தோடு ஒப்பிடுவது. அறுவடைக் காலமும் பண்டிகைக் காலமும் மாதத்துக்கு மாதம் வேறுபடும். தீபாவளிக்கு முன் தங்கம் மிகுதியாக வருவது இயல்பு. ஆகையால் ஒரு மாதத்தைச் சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுவதே முறை.

நான்காம் பிழை, விகிதம் மாறியவுடன் வர்த்தகமும் மாறுமென்று நம்புவது. இன்று வரும் கப்பற் சரக்குக்குப் பல வாரங்களுக்கு முன்னரே ஒப்பந்தம் ஆகியிருக்கும். ரூபாய் இறங்கிய முதல் சில மாதங்களில், அதே அளவுச் சரக்குக்கு அதிக ரூபாய் கொடுப்பதால் துண்டு பெருகவே செய்யும். பின்னரே ஏற்றுமதி வளர்ந்து, இறக்குமதி சுருங்கி, பலன் தெரியலாம். விளைச்சல் குன்றினால் 1966ஆம் ஆண்டைப்போலத் தெரியாமலும் போகலாம்.

சரக்கை நிறுத்திவைப்போருக்கு ஒரு கணக்கு

மேற்சொன்னவை யாவும் ஒரு கேள்வியில் வந்து முடிகின்றன: ரூபாய் இறங்கியதென்று கேட்ட குடியானவர் கையிலுள்ள சரக்கை விற்கலாமா, நிறுத்தலாமா? உதாரணமாக, ஒருவரிடம் ஒரு லட்சம் ரூபாய் பெறுமான மஞ்சள் இருக்கிறதென்று கொள்வோம். அவருக்குள்ள கடனுக்கு மாதம் நூற்றுக்கு 1 ரூபாய் வட்டி. மூன்று மாதம் நிறுத்திவைத்தால் வட்டி 3,000 ரூபாய். கிடங்கு வாடகைக்கும் எடைக் குறைவுக்கும் 1,000 ரூபாய் வைத்துக்கொண்டால் மொத்தச் செலவு 4,000 ரூபாய். அம்மூன்று மாதத்தில் ரூபாய் 2 சதவீதம் இறங்கி, அதன் பயன் முழுவதும் அவருக்கே கிடைத்தாலும் வரவு சுமார் 2,000 ரூபாய்தான். அதாவது, நாணய விகிதத்தை மாத்திரம் நம்பி நிறுத்திவைத்தவருக்கு 2,000 ரூபாய் நஷ்டம். வேறிடங்களில் விளைச்சல் குன்றியது, கையிருப்பு குறைந்தது என்ற திடமான காரணங்கள் இருந்தால் நிறுத்திவைப்பது நியாயம். விகிதச் செய்தி ஒன்றே காரணமாகாது. உடனே பணம் வேண்டியவர் வெளியாரிடம் அதிக வட்டிக்கு வாங்குவதைவிட, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் சரக்கை ஈடாக வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறுவது மேல்.

கிராம அதிகாரிகளுக்கு

கிராம நிர்வாக அலுவலர்களும், கூட்டுறவுச் சங்கக் காரியதரிசிகளும், வேளாண்மை உதவி அலுவலர்களும் இவ்விஷயத்தில் குடியானவருக்குப் பெருந்துணை செய்யக்கூடும். சங்கக் கட்டடத்தில் ஒரு கரும்பலகையோ சிறு நோட்டுப் புஸ்தகமோ போதும். அதில் மாதம் ஒருமுறை ஐந்து விவரங்களைக் குறித்துவர வேண்டும்: முதலாவது, மாத முடிவில் டாலரின் விலை, இரண்டாவது, சென்ற ஆண்டு அதே மாதத்தில் அதன் விலை, மூன்றாவது, அவ்வூரின் முக்கிய விளைபொருள் எத்தனை டன் ஏற்றுமதி அல்லது இறக்குமதியாயிற்று என்பது, நான்காவது, அப்பொருளைப்பற்றிய தீர்வை உத்தரவும் தடை உத்தரவும், தேதியுடன், ஐந்தாவது, பக்கத்து விற்பனைக் கூடத்தில் அன்று நடந்த விலை. ஓராண்டு இவ்வாறு எழுதிவந்தால், தம் ஊர்ச் சரக்கின் விலை எதைப் பின்பற்றி ஏறி இறங்குகிறது என்பது தாமே விளங்கும். விதைப்புக்கு முன் இந்நோட்டைப் பிரித்துப் பார்ப்பவர், நிலக்கடலைக்கு எத்தனை ஏக்கர், நெல்லுக்கு எத்தனை ஏக்கர் என்று நிதானமாகத் தீர்மானிக்கலாம்.

அந்நியச் சந்தையும் நாணய விகிதமும் குடியானவரின் கைக்கு அடங்கியவையல்ல. அவர் கைக்கு அடங்கியவை சாகுபடிச் செலவு, சரக்கின் தரம், விற்கும் காலம், வாங்கும் கடன் ஆகிய இந்நான்குமே. மண் பரிசோதனைப்படி உரமிட்டு, இறக்குமதியாகும் பொட்டாஷையும் டி.ஏ.பி.யையும் தேவைக்குமேல் இடாதிருப்பவர், தம் செலவைக் குறைத்துக்கொள்வதோடு தேசத்தின் துண்டையும் ஓரளவு குறைக்கிறார். சரக்கை நன்றாக உலர்த்தித் தரம் பிரித்து விற்பவர், டாலர் எவ்விலைக்கு விற்றாலும் சந்தையில் முதல் விலை பெறுகிறார். ஆகவே, அடுத்த மாதத்தின் நடுவில் வர்த்தகக் கணக்கு வெளியாகும்பொழுது, தலைப்பை மாத்திரம் படித்து அஞ்சாமலும் ஆசைப்படாமலும், மேலே கூறிய முறைப்படி அதை ஆராய்ந்து பார்க்கும்படி நமது வாசகர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.